ஆயிரம் யானையும் அஞ்சு போனும்

"கல்யாணத்துக்கு ஊரே வந்திருந்தது" என்று ஒருவர் சொன்னால், யாரும் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பசியில் உயிர் போகிறது, பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாது. கேட்பவர் மனசுக்குள் உரிய தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு, "ஆமா, சரியான வெயில்தான்" என்கிறார். கழிப்பார்கள் என்று சொன்னவருக்கும் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு ஏற்றிச் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்தில் இதை உயர்வு நவிற்சி அணி என்று படித்து, தேர்வில் எழுதி, மறந்துவிட்டோம். தண்டியலங்காரத்தில் இதற்கு அதிசய அணி என்று பெயர். உலக வரம்பைத் தாண்டக் கூடாது, ஆனால் சான்றோர் வியக்க வேண்டும் என்று அந்நூல் நிபந்தனை போடுகிறது. இரண்டாவது சரி. முதலாவதோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. புலவர்களே அதை எங்கே மதித்தார்கள்? போரில் ஆயிரம் யானைகளை வென்றவனைப் பாடுவது பரணி என்பது மரபு. கலிங்கப் போரில் கருணாகரத் தொண்டைமானின் படை வீழ்த்திய யானைகளை எண்ணி முடித்துவிட்டா செயங்கொண்டார் எழுத்தாணியைத் தொட்டார்?

அன்றாடப் பேச்சில் வரம்புக்குள் நிற்கும் மிகைதான் வம்பு. "உனக்கு ஆயிரம் தடவை போன் பண்ணேன்" என்பதில் பொய்யே கிடையாது. அதில் இருப்பது எரிச்சல் மட்டும். அது முழு உண்மை. இரண்டே தடவை அடித்துவிட்டு "அஞ்சு தடவை பண்ணேன்" என்கிறாரே, அவர்தான் பொய் சொல்கிறார். ஐந்து நம்பும்படி இருக்கிறது. கேட்பவருக்குக் கழிக்கத் தோன்றுவதில்லை, அப்படியே வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார். (இப்போதெல்லாம் போனே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.)

மனை விற்பவர்களுக்கு இந்த நுட்பம் நன்றாகத் தெரியும். "பூலோக சொர்க்கம்" என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதை நம்பி யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. "ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்ற வரியை நம்பித்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் நடந்தா, காரிலா, நள்ளிரவில் ஆளில்லாத சாலையிலா என்பது பத்திரம் பதிந்த பிறகு விளங்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஆளை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. பொதுவாகச் சட்டத்துக்கும் சொர்க்கத்தின் மேல் அவ்வளவு கோபம் கிடையாது, நிமிடத்தின் மேல்தான்.

எவ்வளவு கழிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கூட இருந்து பழகினால்தான் பிடிபடும். ஆஸ்பத்திரியில் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத நர்ஸுக்கு யார் வாய்க்கு எவ்வளவு கழிவு என்று எப்படித் தெரியும்? எங்கள் பெரியம்மா பல்வலிக்கே "செத்தேன்டா சாமி" என்று தெருவைக் கூட்டுகிறவர். அவர் ஒருநாள் காலையில், "நெஞ்சு லேசா என்னமோ பண்ணுது" என்றார். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்தார். பத்துக்கு எவ்வளவு என்று நர்ஸ் கேட்க, பெரியம்மா "மூணு" என்றாராம்.

"பத்துன்னு எழுதிக்கங்க சிஸ்டர்" என்றிருக்கிறார் மருமகள். "எங்க அத்தை இதுவரைக்கும் எதையும் லேசான்னு சொன்னதே இல்ல."