பூச்சிய வட்டியும் 555 புத்தகமும்

பட்டமளிப்பு அங்கியுடன் படம் பிடித்துக்கொண்ட நாளில் என் பெயரில் 20,000 ரிங்கிட் கடன் இருந்தது. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன்தான். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அது இருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கடன் இல்லையேல், தோட்டத்து வீட்டிலிருந்து வந்த நான் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க முடியாது.

வேலை கிடைத்த பிறகுதான் சோதனை தொடங்கியது. ஆண்டு வருமானம் 24,000 ரிங்கிட் இருந்தால் கடன்பற்று அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பேங்க் நெகாராவின் விதி. நானும் ஓர் அட்டை வாங்கினேன். வாடகை முன்பணம், மடிக்கணினி, தீபாவளிச் செலவு என ஓராண்டில் அட்டைக் கடன் 4,000 ரிங்கிட் ஆனது.

அப்போது இன்னொரு வங்கி அழைத்தது. நிலுவையைத் தங்கள் அட்டைக்கு மாற்றினால் ஆறு மாதத்திற்கு வட்டி பூச்சியமாம். மாற்றினேன். ஆறு மாதத்தில் முடிக்க மாதம் 667 ரிங்கிட் கட்டியிருக்க வேண்டும். நானோ குறைந்தபட்சத் தொகையான ஐந்து விழுக்காட்டை மட்டும் கட்டினேன். காலியான பழைய அட்டையையும் மீண்டும் தேய்த்தேன். அட்டைக்குக் கட்டுவதற்காக உயர்கல்விக் கடன் தவணையை நிறுத்தினேன். சலுகைக் காலம் முடிந்தது. மிச்சத்திற்கு 18 விழுக்காடு வட்டி விழுந்தது. இரண்டு அட்டையிலும் சேர்த்துக் கடன் 5,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது.

வீட்டில் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. அப்பா திட்டவில்லை. தோட்டத்துக் கடையில் பற்று வைத்து எங்களை வளர்த்தவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு 555 புத்தகம் இருக்கும். "எந்தக் கடனுக்கு எவ்வளவு வட்டின்னு எழுதி வெச்சிருக்கியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு எழுதினேன். உயர்கல்விக் கடனுக்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம்: 20,000 ரிங்கிட்டுக்கு 200 ரிங்கிட். அட்டைக் கடன் 4,000 ரிங்கிட் ஓராண்டு அப்படியே கிடந்தால் 18 விழுக்காட்டில் 720 ரிங்கிட். பெரிய கடனைக் கண்டு பயந்தேன். சின்னக் கடன்தான் என்னை விழுங்கிக்கொண்டிருந்தது.

'ஒன்றை விடப் பூச்சியம் குறைவுதானே, உயர்கல்விக் கடனையே அட்டைக்கு மாற்றினால் என்ன?' என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். பூச்சியத்திற்கு ஆயுள் சில மாதங்களே. சில சலுகைகளில் முன்கட்டணமும் உண்டு. ரொக்கமாக எடுத்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே அந்தக் கடனை அட்டைப் பக்கம் கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சலுகையே தீது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே அட்டைக் கடன் இருந்து, சலுகை மாதங்களுக்குள் பிரித்துக் கட்ட வருமானமும் இருந்து, பழைய அட்டையை வெட்டிப்போடும் மனமும் இருந்தால் அது நல்ல மருந்து. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

தவணை கட்ட முடியாவிட்டால் ஒளியாதீர்கள். பி.டி.பி.டி.என்.னிடம் தவணையை மாற்றியமைக்க விண்ணப்பிக்கலாம். அட்டைக் கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. இலவசமாக ஆலோசனை தருகிறது. நானும் அங்கே போய்த்தான் மீண்டேன்.

தம்பி தங்கைகளே, முதல் சம்பளத்தில் அட்டைக்கு முன்பாக ஒரு 555 புத்தகம் வாங்குங்கள்.