மரத்தின் பெயர் என்ன?



ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பூங்காவில் ஆண்டுதோறும் டிசம்பரில் ஓங்கிய ஊசியிலை மரமொன்று விளக்கொளியில் நிற்கும். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தார் அதை அனுப்புகின்றனர். 2005-ஆம் ஆண்டு நகராட்சியின் அறிவிப்பில் அது ‘கிறிஸ்மஸ் மரம்’ எனப்படாமல் ‘விடுமுறை மரம்’ எனக் குறிக்கப்பட்டது. கிறிஸ்தவர் பலர் சினந்தனர். மரத்தைத் தந்தவரும் மனம் நொந்தார். கிறிஸ்மஸ் மரம் என்றே தாம் அழைப்பதாக நகரத் தலைவர் சொல்ல வேண்டியதாயிற்று.

பெயர் மாற்றுவோர் கூறும் காரணத்தையும் கேட்பது நேர்மை. பொது இடத்து மரம் அனைவருக்கும் உரியது. அந்நாட்களில் யூதர் ஹனுக்கா விளக்கேற்றுகின்றனர். சமயமே வேண்டாம் என்போரும் அங்கு வாழ்கின்றனர். எவரும் தம்மை அந்நியராக எண்ணலாகாது என்கின்றனர். இது பகையிற் பிறந்த வாதமன்று. ஆயினும் ஹனுக்கா விளக்கை அதன் பெயராலேயே அழைக்கும்போது, இம்மரம் மட்டும் தன் பெயரை இழப்பானேன்? விருந்தினர் வந்துள்ளார் என்பதற்காக வீட்டுக்காரர் தம் பெயரை மறைப்பதுண்டோ? மேலும், ‘ஹாலிடே’ என்னும் ஆங்கிலச் சொல்லே ‘புனித நாள்’ என்னும் பொருளில் தோன்றியதாகும். சமயத்தை விலக்க எடுத்த சொல்லினுள்ளும் சமயமே இருக்கிறது!

எனினும் நாம் சினங்கொள்ளுமுன் அந்நகரின் பழைய வரலாற்றையும் நோக்குவோம். 1659-ஆம் ஆண்டு, பாஸ்டனைத் தலைநகராகக் கொண்ட மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், கிறிஸ்மஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் இயற்றப்பட்டது. 1681 வரை அது நீடித்தது. இயற்றியவர்கள் நாத்திகர் அல்லர். திருமறை நூலை நாளும் ஓதிய பியூரிட்டன் கிறிஸ்தவர்! அவ்விழாவுக்கு மறைநூலில் ஆதாரமில்லை என்றனர். ‘கிறிஸ்துவின் திருப்பலி’ எனப் பொருள்படும் ‘கிறிஸ்மஸ்’ என்ற பெயரும் அத்தகையோர்க்குக் கசந்தது. ஆக, இப்பெயரை முதலில் வெறுத்தவர்கள் வெளியார் அல்லர்.

அம்மரம் ஏன் பாஸ்டனுக்கு வருகிறது என்பதைச் சச்சரவிட்டோர் எத்தனை பேர் நினைத்தனரோ! 1917 டிசம்பர் 6-ஆம் நாள், நோவா ஸ்கோஷியாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பலொன்று மற்றொரு கப்பலுடன் மோதித் தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர், பல்லாயிரவர் காயமுற்றனர். செய்தி எட்டிய அன்றிரவே பாஸ்டனிலிருந்து மருத்துவரும் செவிலியரும் மருந்துகளும் ஏற்றிய புகைவண்டி புறப்பட்டு, பனிப்புயலைக் கடந்து சென்றது. அந்நன்றிக்காக 1918-இல் ஒரு மரம் வந்தது. 1971 முதல் ஆண்டு தவறாமல் வருகிறது. துயருற்றோரைத் தேடி விரைந்த அந்த இரக்கமே கிறிஸ்து பிறப்பின் பொருள் அன்றோ? பெயர்ப் பலகையைப் பற்றி வழக்காடி, இந்த நன்றியை மறந்தால் யாருக்கு வெற்றி?

அப்படியானால் பெயர் வேண்டியதில்லையா? வேண்டும், ஆனால் அதைக் காப்பது நகராட்சியின் வேலையன்று. இலங்கைத் தமிழர் கிறிஸ்மஸை ‘நத்தார்’ என்கின்றனர். பிறப்பைக் குறிக்கும் ‘நத்தால்’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் மருவே அது. 1658-இல் போர்த்துக்கீசியர் ஆட்சி அங்கு முடிந்தது. பின்வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். 1687-இல் புனித யோசேப்பு வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும் வரை குருக்களின்றி மக்கள் வாடினர். ஆட்சி போயிற்று, ஆலயம் அடைபட்டது, ‘நத்தார்’ என்ற சொல்லோ அழியவில்லை. அதைக் காத்தது அரசாணையா? அன்று, இல்லங்களில் தாயர் தம் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்த வாய்மொழியே.

ஆதலால், யாரேனும் நம்மிடம் ‘விடுமுறை வாழ்த்து’ என்றால் முகஞ்சுளிக்க வேண்டாம். மகிழ்ந்து ஏற்று, ‘கிறிஸ்து பிறப்பு வாழ்த்து’ என்று நாம் மறுமொழி கூறுவோம். இவ்வாண்டு குடில் அமைக்கும்போது அப்பெயரின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்றிரவே துன்புறும் ஒரு வீட்டைத் தேடிச் செல்லுங்கள். பொருளை வாழ்ந்து காட்டும் இல்லத்தில் பெயர் ஒருபோதும் அழியாது.