10,000 டாலரில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்: பழைய மியாட்டா வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

2021 ஜூனில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில் 1994 மாடல் டொயோட்டா சூப்ரா ஒன்று 5,50,000 டாலருக்குப் போனது. 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' முதல் படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு கார் அது. சினிமா கார், அதனால் அந்த விலை என்று தள்ளிவிடலாம். ஆனால் எந்தப் படத்திலும் தலைகாட்டாத சூப்ராக்களும் நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர்களும்கூட இப்போது மாதச் சம்பளக்காரர் தொடக்கூடிய விலையில் இல்லை. வீடியோ கேமில் இந்தக் கார்களை ஓட்டி வளர்ந்த பசங்க பெரியவர்களாகி, கையில் காசோடு வந்து நிற்கிறார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

சரி, கையில் 10,000 டாலர் மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வது? டாலஸிலோ நியூ ஜெர்சியிலோ வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன நம்ம ஊர் இளைஞர்கள் பலருக்கு இந்த ஆசை உண்டு. ஆபீஸ் போக ஒரு கேம்ரியோ சிவிக்கோ ஏற்கெனவே இருக்கும். வார இறுதியில் வளைவான ரோட்டில் ஓட்டிப் பார்க்க மேனுவல் கியர் வைத்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குப் பதில் இருக்கிறது: பழைய மஸ்டா மியாட்டா. ஆனால் 10,000 டாலர் இருக்கிறது என்பதற்காக 10,000 டாலர் கொடுத்து அதை வாங்கக் கூடாது. 7,000 டாலருக்குள் காரை முடித்துவிட்டு, மீதி 3,000 டாலரைத் தொடாமல் வைத்திருப்பவர்தான் அடுத்த வருஷமும் அதை ஓட்டிக்கொண்டிருப்பார். மொத்தத்தையும் விற்பவர் கையில் கொடுத்தவரின் கார், முதல் ரிப்பேரிலேயே வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கும்.

ஏன் மியாட்டா?

தமிழ்நாட்டில் மஸ்டா என்றதும் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் சுவராஜ் மஸ்டா வேன்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதே மஸ்டா 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் இறக்கியதுதான், இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரையைக் கையாலேயே மடக்கிவிடக்கூடிய இந்தச் சின்ன கார். அமெரிக்காவில் மியாட்டா, ஐரோப்பாவில் எம்.எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர்கள். 1960-களின் லோட்டஸ் எலான் மாதிரியான பிரிட்டிஷ் கார்கள் கொடுத்த சுகம் வேண்டும், ஆனால் அவற்றைப் போல வழியில் நிற்கக் கூடாது. யோசனையே அதுதான். 2016-ல் 10 லட்சமாவது கார் வெளியே வந்தது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இது என்று கின்னஸ் பதிவும் உண்டு.

முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் எஞ்சின் கொடுப்பது 116 குதிரைத்திறன். இன்றைய சாதாரண குடும்ப எஸ்.யு.வி. இதைவிட வேகமாகப் பாயும். அப்புறம் என்ன ஸ்போர்ட்ஸ் கார்? எடைதான் விஷயம். ஒரு டன்னுக்கும் குறைவு. எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில், ஓட்டுபவர் கிட்டத்தட்ட நடுவில். 200 கிலோமீட்டர் வேகத்தில் மற்ற கார்கள் கொடுக்கும் பரபரப்பை இது 70-லேயே கொடுத்துவிடும். போலீஸிடம் மாட்டாமல் ரசிக்கலாம் என்பதே பெரிய லாபம்.

ஆனால் பட்ஜெட் பார்ப்பவருக்கு அதைவிட முக்கியமான காரணம் ஸ்பேர் பார்ட்ஸ். லட்சக்கணக்கில் விற்ற கார். அமெரிக்காவில் 'ஸ்பெக் மியாட்டா' என்று பழைய மியாட்டாக்களுக்கென்றே ஒரு பந்தயப் பிரிவு ஓடுகிறது. அதனால் பாகங்கள் கிடைக்கின்றன, இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் கிடைக்கிறார்கள். 25 வயதுக் காருக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை.

துருதான் வில்லன்

எஞ்சின் கெட்டால் இன்னொரு எஞ்சின் போடலாம். கியர்பாக்ஸும் அப்படியே. உடம்பு துருப்பிடித்தால் கதை முடிந்தது. மியாட்டாவில் துரு எங்கே பிடிக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். துணிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு குழாய்கள் வழியாகக் கீழே வடிய வேண்டும். பல வருஷ இலைச் சருகு அந்தக் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் கதவுக்குக் கீழே ஓடும் பட்டைப் பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பாதி இரும்பு போயிருக்கும்.

பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் மூலையில் ஒரு ஃப்ரிட்ஜ் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது இரும்பு அல்ல, பட்டி. பட்டி பார்த்து பெயின்ட் அடித்து விற்பது நம்ம ஊர் டிங்கரிங் கடைக்கு மட்டும் சொந்தமான கலை இல்லை. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் ஓடிய கார் என்றால், லிஃப்டில் தூக்கி அடிப்பக்கம் முழுக்கப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது வீண் வேலை. அரிசோனா, டெக்சாஸ் பக்கத்துக் காருக்கு டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருக்கும், சீட் கிழிந்திருக்கும். அதையெல்லாம் சரிசெய்யலாம். பார்க்க அழகான ஓஹாயோ காரைவிட, பார்க்கச் சுமாரான அரிசோனா கார் மேல்.

பேட்டரி மியாட்டாவில் பின்பக்க டிக்கிக்குள் இருக்கும். அதற்கென்று வரும் பேட்டரியைப் போடாமல் மலிவாக ஏதோ ஒன்றைப் போட்டிருந்தால் ஆசிட் கசிந்து டிக்கி அரித்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எஞ்சின் விஷயத்தில் கவனிக்க வேண்டியது 1990 மாடலும் 1991-ன் தொடக்கத்தில் வந்தவையும். அவற்றில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டை. அதில் புல்லியைப் பிடித்திருக்கும் சாவிக் காடி நாளடைவில் தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். முன்புறப் புல்லியில் நான்கு காடிகள் இருந்தால் பழைய வகை, எட்டு இருந்தால் திருத்தப்பட்டது. டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எப்போது மாற்றியது என்ற ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்றுதான் கணக்கு. ஆறுதல் என்னவென்றால், 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், ஆனால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் நாசமாகாது.

பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், நாலு டயர், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், கிழிந்த துணிக் கூரை. அந்த 3,000 டாலர் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். எல்லாம் ஒரே வருஷத்தில் வராது. ஆனால் பாதி வரும்.

காகிதம் சொல்லும் கதை

"ஓடியது 68,000 மைல்தான்" என்று விற்பவர் சொன்னால் நம்பலாமா? அமெரிக்காவில் 2010, அதற்கு முந்தைய மாடல்களை விற்கும்போது ஓடிய தூரத்தை உறுதிசெய்து எழுதிக்கொடுக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. அதாவது மியாட்டாவின் முதல் இரண்டு தலைமுறைகளில் மீட்டர் காட்டும் எண் வெறும் எண். பில் கட்டு ஒன்றை எடுத்து நீட்டுபவர்தான் உண்மையான விற்பனையாளர். ஒரே ஓனர் 1,40,000 மைல் ஓட்டி, ஆயில் மாற்றிய சீட்டு முதற்கொண்டு ஃபைல் போட்டு வைத்திருந்தால், ஐந்து கை மாறிய "68,000 மைல்" காரைவிட அதையே எடுக்கலாம்.

இந்த விஷயத்தில் லண்டன்வாசிகள் கொடுத்துவைத்தவர்கள். பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய காருக்கு ஒவ்வொரு வருஷமும் எம்.ஓ.டி. பரிசோதனை கட்டாயம். நம்பர் பிளேட் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் அந்த வரலாறு இலவசமாக வந்து விழும். எந்த வருஷம் எத்தனை மைல், எங்கே துரு என்று சோதித்தவர் எழுதிய குறிப்பு உட்பட. "போன வருஷம்தான் அடிப்பக்கம் செய்தேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

அமெரிக்காவில் வாங்குபவர் வின் நம்பரை என்.ஹெச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டு, பாக்கி இருக்கும் ரீகால்களையாவது பார்த்துவிட வேண்டும். டகாட்டா ஏர்பேக் பிரச்னை ஞாபகம் இருக்கும். வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்த ஏர்பேக் அது. அந்தப் பட்டியலில் பழைய ஜப்பான் கார்கள் நிறைய. இதில் மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதே கூடாது.

அதே காசுக்கு ஆர்.எக்ஸ்-8 வருதே?

வரும். 2003-ல் வந்த மஸ்டா ஆர்.எக்ஸ்-8 மியாட்டாவைவிட அழகு, பவர் அதிகம், பின்னால் இரண்டு பேர் வேறு உட்காரலாம். ஆனால் அது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதன் ரோட்டரி எஞ்சின். உள்ளே முக்கோண ரோட்டரின் முனைகளில் இருக்கும் சீல் தேய்ந்தால் அழுத்தம் குறையும். முதல் அறிகுறி, சூடான எஞ்சினை அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் திணறும். எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது அதன் வடிவமைப்பிலேயே உண்டு. அடிக்கடி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு மஸ்டாவே அமெரிக்காவில் எஞ்சின் வாரன்டியை 8 ஆண்டு, 1,00,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ரோட்டரிக்கென்று உள்ள கருவியால் அழுத்தம் சோதித்த சீட்டு இல்லாமல் ஆர்.எக்ஸ்-8 வாங்குவது லாட்டரி.

ஹோண்டா எஸ்2000 வேறு ரகம். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சுழலும் எஞ்சின். ஆனால் விலை இந்த பட்ஜெட்டை எப்போதோ தாண்டிவிட்டது. அதில் 10,000 டாலருக்கு ஒன்று கிடைத்தால் சந்தோஷப்பட அல்ல, சந்தேகப்படத்தான் வேண்டும். டொயோட்டா எம்.ஆர்-2 ஸ்பைடர் நல்ல கார்தான். பெட்டி வைக்க இடம் கிடையாது, தொடக்க வருஷ எஞ்சின்கள் ஆயில் குடிக்கும்.

டர்போ மாட்டிய, ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய மியாட்டாக்களும் மலிவாக வரும். யாரோ ஒருவர் பாதியில் விட்ட பரிசோதனைக்கு மிச்சப் பணத்தைக் கட்டும் வேலை அது.

ஜப்பானிலிருந்து இறக்கினால்?

அமெரிக்காவில் 25 வயதைக் கடந்த கார்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டு. 1999-ல் வந்த ஆர்34 ஸ்கைலைன் ஜி.டி-ஆர் 2024-ல் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது. ஆனால் மியாட்டாவுக்கு இதெல்லாம் தேவையில்லை, உள்ளூரிலேயே கொட்டிக் கிடக்கிறது. அமெரிக்காவில் விற்கவே விற்காத ஹோண்டா பீட், சுசுகி கப்புச்சினோ போன்ற 660 சிசி-க்குள் அடங்கும் குட்டிக் கார்கள்தான் ஆசை என்றால் இறக்குமதியில் அர்த்தம் உண்டு. அப்போதும் ஜப்பான் ஏலச் சீட்டில் 'ஆர்' என்ற குறி இருந்தால் அது விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த கார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு மாநிலத்தின் புகை விதி தனி. மத்திய அரசு விட்டாலும் அது விடாது.

அப்படியே சென்னைக்குக் கொண்டு வர முடியுமா? முடியாது. இந்தியாவில் மூன்று வயதைத் தாண்டிய பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்யவே அனுமதி இல்லை. இங்கே இருப்பவருக்கு, 106 குதிரைத்திறன் கொடுத்த பழைய ஹோண்டா சிட்டி விடெக்கும், திருவள்ளூரில் அசெம்பிள் ஆன மிட்சுபிஷி லான்சரும்தான் அந்த ஆசைக்குக் கொஞ்சம் கிட்டே வரும் கார்கள். அவற்றிலும் லான்சர் எடுப்பவர் முதலில் தேட வேண்டியது காரை அல்ல, ஸ்பேர் பார்ட்ஸ் கடையை.

வாங்கும் நாள்

கடன் வாங்கி இதை வாங்கக் கூடாது. பல வங்கிகள் இவ்வளவு பழைய காருக்குக் கார் லோன் தராது. பர்சனல் லோன் வட்டியில் வாங்கினால், ரிப்பேருக்கு வைத்த பணம் தவணைக்குப் போய்விடும். இன்ஷூரன்ஸ் தொகையையும் விலை பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும், 25 வயதுக்குக் கீழ் என்றால் கண்டிப்பாக. முதல் தலைமுறை மியாட்டாவில் இன்றைய கார்களில் இருக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. நனைந்த ரோட்டில் பின்பக்கம் சறுக்கினால் காப்பாற்ற எலக்ட்ரானிக்ஸ் வராது. அதனால் டயரில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பார்க்கப் போகும்போது விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்: "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." குளிர்ந்த எஞ்சின்தான் பொய் சொல்லாது. பானெட்டைத் தொட்டுப் பார்த்து சூடாக இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். சில நூறு டாலர் கொடுத்து வேறொரு மெக்கானிக்கிடம் காட்டச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

தேதியும் முக்கியம். கூரை திறக்கும் காரை எல்லோரும் ஏப்ரல், மே மாதத்தில்தான் தேடுவார்கள், விலையும் அப்போதுதான் ஏறும். டிசம்பர், ஜனவரியில் கராஜில் இடம் அடைத்துக்கொண்டு நிற்கும் மியாட்டாவை விற்றுத் தொலைத்தால் போதும் என்று இருப்பவர்கள் உண்டு. மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தால் இன்னும் வசதி. சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டில் கையை வைத்தால் ஈரம் தெரிந்துவிடும்.