இணை சேர்க்கும் முன் கணக்குப் போடுங்கள்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எலி என்றதும் அஞ்சடியும் சாக்கடையும் உணவங்காடிகளின் பின்கட்டும்தான் நினைவுக்கு வரும். மாநகர் மன்றம் எலிகளைப் பிடிக்க இயக்கம் நடத்தும் ஊர் இது. எலிக்காய்ச்சலைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக மலேசியா 2010-இல் அறிவித்தது. இப்படிப்பட்ட ஊரில் காசு கொடுத்து எலி வாங்கி, தீனி போட்டு, குட்டி எடுக்கவும் ஆசைப்படுகிறார்கள் என்றால் பலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்குக் கோபமே வரும். அவர்கள் விரும்புவது ஆப்பிரிக்க மென்மயிர் எலி. சுண்டெலியை விடப் பெரியது, சாக்கடை எலியை விட மிகச் சிறியது. வளர்ந்தபின் சுமார் 60 முதல் 80 கிராம் இருக்கும். கூட்டமாக வாழும், சுறுசுறுப்பானது, ஆண் சுண்டெலியின் வீச்சம் இதற்கு இல்லை. இதை வளர்ப்பதில் தவறு எதுவும் இல்லை. பிறக்கப்போகும் குட்டிகள் எங்கே போகும் என்று தெரியாமல் இணை சேர்ப்பதுதான் தவறு. புதிதாக வளர்க்க வருபவர் முதலில் கற்க வேண்டியது குட்டி எடுக்கும் முறையை அல்ல, குட்டி எடுக்காமல் இருக்கும் முறையை.

காரணம் இந்த உயிரின் உடலமைப்பிலேயே இருக்கிறது. பெண் எலிக்கு 24 வரை பால்காம்புகள் உண்டு. கர்ப்பம் சுமார் 23 நாள். ஓர் ஈற்றில் பத்துக் குட்டிகள் சாதாரணம். அதற்கு மேலும் போடும். குட்டி போட்ட கையோடு மீண்டும் சினையாகவும் அதனால் முடியும். குட்டிகள் இரண்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஓர் ஆணும் இரண்டு பெண்களும் வாங்கி வைத்ததாகக் கொள்வோம். மாதம் ஓர் ஈற்று, ஈற்றுக்குப் பத்து, பாதி பெண், பிரித்து வைக்கவில்லை என்றால், நான்காம் மாதக் கடைசியில் தாய்கள் இரண்டும் போட்டவை 80, முதல் ஈற்றுப் பெண் குட்டிகள் பத்தும் போட்டவை 100. பழைய மூன்றையும் சேர்த்தால் 183. எல்லாம் பிழைக்காது என்று கழித்துக்கொண்டாலும், அடுக்குமாடி வீட்டின் ஓர் அறை தாங்கும் எண்ணிக்கை அல்ல இது. தான்சானியாவின் மொரொகோரோவில் உள்ள சொக்கோய்னே வேளாண் பல்கலைக்கழகம் இந்த எலியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவதும் இதே காரணத்தால்தான். மழை வாய்த்த ஆண்டில் பெருகி, சோளக்காட்டை அழிக்கும் இனம் இது.

பாம்பு வளர்ப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பால் பைத்தான் என்ற சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு, மற்ற இரையைத் தொடாமல் கிடக்கும்போதுகூட இந்த எலியை விரும்பி உண்ணும். தாய்நாட்டில் அதன் இயல்பான இரைகளில் இதுவும் ஒன்று. எனவே வீட்டிலேயே குட்டி எடுத்தால் செலவு மிச்சம் என்கிறார்கள். பாதி நியாயம்தான். வளர்ந்த ஒரு பாம்புக்கு வாரம் ஓர் எலி என்று தாராளமாகவே வைத்தாலும் ஆண்டுக்கு 52 போதும். குட்டிகளை ஒழுங்காகப் பிரித்து வைத்தாலும் இரண்டு பெண் எலிகள் ஆண்டுக்கு 240 வரை தரும். மிச்சமிருப்பவை ஏறத்தாழ 190. அவற்றுக்குக் கூண்டு, தீனி, தண்ணீர், துப்புரவு எல்லாம் சேர்த்தால் மிச்சம் பிடித்த காசு கரைந்துவிடும். ஒரு பாம்பு வைத்திருப்பவர் உறைந்த இரை வாங்குவதே மேல். பல பாம்புகள் இருந்தால், அல்லது நாலைந்து வளர்ப்பாளர்கள் சேர்ந்து ஒரே கூட்டத்தைப் பராமரித்தால் கணக்கு ஒத்துவரும். அப்போதும் இரைக்காக வளரும் எலிக்கு வலியில்லாத முடிவைத் தரத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

இன்னொரு மறுப்பு நோய் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1969-இல் நைஜீரியாவின் லாசா ஊரில் முதன்முதலாக அறியப்பட்ட லாசா காய்ச்சலின் கிருமியை மேற்கு ஆப்பிரிக்காவில் சுமப்பது இந்த எலியினமே. ஆனால் கிருமி இருப்பது அப்பகுதிக் காட்டு எலிகளிடம். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வருபவற்றிடம் அல்ல. இதற்கு மிக நெருங்கிய உறவான மாஸ்டோமிஸ் கௌச்சா என்ற எலியை லக்னோவின் மத்திய மருந்து ஆய்வுக் கழகம் வைத்து வளர்த்து, யானைக்கால் நோய்ப் புழுவுக்கான மருந்துகளைச் சோதித்திருக்கிறது. எனவே எலி என்பதற்காகவே அஞ்சத் தேவையில்லை. எங்கிருந்து வந்தது என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். 2003-இல் கானாவிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லப்பிராணி வணிகத்துக்காக இறக்கப்பட்ட கொறிவிலங்குகள் குரங்கம்மையைக் கொண்டுவந்தன. 47 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்கக் கொறிவிலங்கு இறக்குமதியையே அந்நாடு தடை செய்தது. எந்தக் கூட்டத்தில் பிறந்தது, எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாதவரிடம் எலி வாங்கக் கூடாது என்பதே இதன் பாடம்.

பினாங்கில் இதைவிட நெருக்கமான ஆபத்து ஒன்று உண்டு. சிந்திய தீனி வாசத்துக்குச் சாக்கடை எலி வீட்டுக்குள் வரும். அதன் சிறுநீர் கூண்டின் தட்டிலும் தீனியிலும் படும். எலிக்காய்ச்சல் வரக்கூடிய வழி அது. கூண்டு எலியைக் கண்டு பயப்படுபவர்கள் இந்த வழியை யோசிப்பதில்லை. தீனியை மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பது, கழிவை வாய்க்காலில் கொட்டாமல் பையில் கட்டிப் போடுவது, கூண்டைக் கழுவும்போது கையுறை அணிவது, எலியைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுவது ஆகிய நான்கும் தவறக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியை மென்மயிர் எலி கடித்துத் துளைத்துவிடும். நெருக்கமான கம்பி வலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டி நல்லது. நம் ஊர் வெக்கையில் தகரக் கூரைக்கு அடியிலோ வெயில் விழும் பால்கனியிலோ வைத்தால் செத்துப்போகும். காற்றோட்டமுள்ள நிழலான அறைதான் ஏற்றது. தனியாக ஒன்றை வைப்பதும் கொடுமை. சிறு வயதிலிருந்தே சேர்ந்து வளர்ந்த இரண்டு அல்லது மூன்று பெண் எலிகள்தான் புதியவருக்குச் சரியான தொடக்கம். வளர்ந்தபின் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் கடித்துக் குதறிவிடும்.

இவ்வளவு வம்பு எதற்கு, தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தடை செய்தால் இன்று வெளிப்படையாக வளர்ப்பவர் நாளை ஒளித்து வளர்ப்பார். பெருகிப்போனவற்றை இரவோடு இரவாகப் புதரில் விடுவார். மழையும் தீனியும் ஆண்டு முழுதும் குறையாத தீவில் இப்படியோர் இனத்தைத் திறந்துவிடுவது விபரீதம். வெளியே விட்ட உயிர்களை மீண்டும் கூட்டிச் சேர்க்க முடியாது என்பதை ஆப்பிரிக்கப் பெருநத்தை ஆசியாவின் பல நாடுகளில் காட்டிவிட்டது. தேவை தடையல்ல, பொறுப்பு. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் விலங்கை வைத்திருப்பவரை அதன் நலனுக்குப் பொறுப்பாக்குகிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. நாய் பூனைக்காக மட்டும் எழுதப்பட்ட சட்டம் அல்ல அது.

விற்பவர்கள் ஆண் பெண் பிரித்து விற்கட்டும். கேட்டு வருபவரிடம் குட்டிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்கட்டும். கால்நடைச் சேவைத் துறை, விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கட்டும். வளர்க்க நினைப்பவர்கள் ஆணைப் பெண்ணோடு சேர்க்கும் முன் ஒரு தாளில் பத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு குட்டியும் யாரிடம் போகும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். பத்தும் நிரம்பாவிட்டால் அந்தக் கூண்டில் ஆணுக்கு இடமில்லை.