நிழற்குடைக்கு காசு இருக்கு, ஜெனரேட்டருக்கு இல்லை

எங்க ஊர் முக்கத்துல புதுசா ஒரு பயணிகள் நிழற்குடை வந்திருக்கு. எவர்சில்வர் கம்பி, கிரானைட் பெஞ்ச், மேல பளபளன்னு தகடு. ஊர்ப் பேரை விடப் பெரிய எழுத்துல நிதி கொடுத்தவங்க பேர். பக்கத்துல ஒரு கறுப்புக் கல்வெட்டு. மதிப்பீடு 9 லட்சம்னு அதுல வெட்டியிருக்கு. எங்க ஊருக்கு ஒரு நாளைக்கு பஸ் வர்றது நாலே நடை. பழைய நிழற்குடை ஒண்ணு அங்கேயே இருந்துச்சு. மேல ஒழுகும், ஆனா நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. அதை இடிச்சுட்டுத்தான் இதைக் கட்டினாங்க.

இதுல உனக்கு என்னய்யா வயித்தெரிச்சல்னு கேப்பீங்க. சொல்றேன்.

போன வாரம் அக்டோபர் 2 கிராம சபையில மூணாவது தடவையா எழுந்து நின்னு ஒரே கோரிக்கையைக் கேட்டேன். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்த ஊராட்சிக்குச் சொந்தமா ஒரு ஜெனரேட்டர் வேணும். 15 கேவிஏ இருந்தா போதும், மூணு லட்சம் சொச்சம் ஆகும்னு பட்டுக்கோட்டையில விசாரிச்சு விலைச் சீட்டும் கொண்டு போயிருந்தேன். வாங்கிப் பார்த்துட்டு, "நிதி இல்லைங்க, வந்தா பாக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அந்தக் கூட்டம் நடந்த இடத்துலேருந்து பார்த்தா நிழற்குடை தெரியுது.

ஏன் இந்த ஜெனரேட்டரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறேன்னு புரியணும்னா 2018 நவம்பர் 16க்குப் போகணும். அன்னிக்கு விடியக்காலையில வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா, பேராவூரணிப் பக்கம் இருக்கிற எங்களையும் ஒரு வழி பண்ணிட்டுத்தான் போச்சு. எனக்கு ஒன்றரை ஏக்கர்ல 105 தென்னை. விடிஞ்சு வெளியே வந்து பார்த்தா 81 மரம் படுத்துக் கிடக்கு. எங்க அப்பா கையால குடம் குடமாத் தண்ணி ஊத்தி வளர்த்த மரங்க.

மரம் போனது ஒரு துக்கம். அதை விடக் கொடுமை குடிக்கத் தண்ணி இல்லாம போனது. மின்கம்பம் எல்லாம் சாஞ்சு 23 நாள் எங்க ஊருக்கு கரண்ட் இல்லை. தொட்டி இருக்கு, போர்ல தண்ணியும் இருக்கு, மோட்டார் ஓட வழி இல்லை. அந்தச் சமயத்துல ஊராட்சித் தலைவர்னு ஒருத்தர் கூட எங்களுக்குக் கிடையாது. 2016 அக்டோபர்ல உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சது, அடுத்த தேர்தல் 2019 டிசம்பர்லதான் நடந்துச்சு. நடுவுல தனி அலுவலர் நிர்வாகம். அவரைத் தேடிப் போகவும் ரோடு இல்லை, மரம் விழுந்து கிடந்துச்சு.

நாலாம் நாள் வெளியூர்லேருந்து ஒருத்தர் வண்டியில ஜெனரேட்டர் கொண்டு வந்தார். ஒரு தடவை தொட்டி நிரப்ப 3,000 ரூபாய். வீட்டுக்கு 20 ரூபாய்னு வசூல் பண்ணி நிரப்பினோம். எங்க தெருவுல தேங்காய் பொறுக்குற வேலைக்குப் போற ஒரு அக்கா, தண்ணி திறந்துவிட்ட அன்னிக்குக் குடத்தை எடுத்துக்கிட்டு வரலை. வேலை கிடையாது, கையில காசு கிடையாது, ஓசியில பிடிக்கக் கூச்சம். குளத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சிருக்காங்க. எங்களுக்குத் தெரிஞ்சது அவங்களுக்கு வயித்தால போயி ஆஸ்பத்திரியில சேத்த பிற்பாடுதான். 20 ரூபாய்ங்க.

அப்புறம் ஊர்ப் பெரியவங்க கூடிப் பேசுனாங்க. வைகாசித் திருவிழாவுக்குச் சேத்து வச்சிருந்த 60,000 ரூபாயை எடுத்து, வாடகை ஜெனரேட்டருக்கும் கூரை போன வீடுகளுக்குத் தார்ப்பாய்க்கும் செலவு பண்ணினாங்க. அந்த வருஷம் ஆடலும் பாடலும் இல்லை, வாணவேடிக்கை இல்லை. அம்மனுக்கு ஒரு படையல் மட்டும் போட்டோம். அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்கலை. எட்டாவது தாண்டாத ஆளுங்க எடுத்த முடிவு அது. இந்தப் புத்தி கோட்டையில இருக்கிறவங்களுக்கு ஏன் வர மாட்டேங்குதுன்னுதான் நான் கேக்குறேன்.

நிவாரணத்துக்கு வருவோம். தென்னை ஒண்ணுக்கு 600 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய்னு அரசு அறிவிச்சுது. ஹெக்டேருக்கு 175 மரம்னு கணக்குப் போட்டு 1,92,500 ரூபாய். என் 81 மரத்துக்கு 89,100. ஒரு மரம் வருஷத்துக்கு 80 காய் கொடுக்கும், காய் 10 ரூபாய்னு குறைச்சே வச்சாலும் 800 ரூபாய். அதாவது மரத்துக்குக் கொடுத்த 600 ஒரு வருஷத்துக் காய்க்குக் கூட காணாது. நாட்டுத் தென்னை வச்சா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஆறு வருஷத்துக்கு எனக்குப் போனது 3,88,800. அகற்றுறதுக்குக் கொடுத்த 500ம் பத்தலை. அதனால நிறையப் பேர் மரத்தை அப்படியே மட்க விட்டாங்க. மட்கின மரத்துலதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அந்த வண்டு புதுசா நட்ட கன்னோட குருத்தையும் தின்னுச்சு. அகற்றும் கூலியில பிடிச்ச காசு அடுத்த நடவையும் சேத்துக் கெடுத்தது இப்படித்தான்.

மாநில அரசு கிட்டத்தட்ட 15,000 கோடி கேட்டுச்சு, மத்திய அரசு ஒதுக்கினது 1,146 கோடி. டெல்லி குறைச்சுக் கொடுத்தது அநியாயம். அதைச் சொல்லிட்டு நம்ம பக்கத்தைச் சொல்லாம விட்டா அதுவும் அநியாயம். அதே 2018-19லதான் மெரினா பக்கம் காமராசர் சாலையில 2 கோடியே 52 லட்சத்துல எம்.ஜி.ஆர். நூற்றாண்டு வளைவு எழும்புச்சு. அந்தக் காசை மரத்துக்கு 1,100னு பிரிச்சா 22,900 மரம், 130 ஹெக்டேர். அந்த வளைவு இல்லைன்னா யாருக்காவது வழி தெரியாம போயிருக்குமா? அதே கடற்கரையில 50 கோடிக்கு மேல செலவு பண்ணி ஜெயலலிதா நினைவிடம் கட்டி 2021 ஜனவரியில திறந்தாங்க. 50 கோடின்னா 2,600 ஹெக்டேர் தென்னைக்கான நிவாரணம். ஆட்சி மாறுச்சு. அடுத்து கடலுக்குள்ள 81 கோடியில கலைஞருக்குப் பேனாச் சின்னம்னு திட்டம் போட்டாங்க. நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. ரெண்டு பேருக்கும் ஓட்டுப் போட்டவன்.

இது விவசாயி பாட்டு மட்டும்தானேன்னு நினைக்கிற பட்டணத்துத் தம்பிகளுக்கும் ஒண்ணு சொல்லணும். எங்க அக்கா மகன் வேளச்சேரியில குடியிருக்கான். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில அவன் போன் பண்ணினான். "மாமா, இடுப்பளவு தண்ணி. மூணு நாளா கரண்ட் இல்லை. மோட்டார் போட முடியலை, குடிக்கத் தண்ணி இல்லை மாமா." எனக்கு கஜா ஞாபகம் வந்துருச்சு. அத்தனை பெரிய சென்னையிலயும் எங்க ஊர்க் கதைதான். அதே டிசம்பர் 9, 10 தேதியில சென்னைத் தெருவுல கார் ரேஸ் விடுறதாத் திட்டம். அதுக்கு அரசு ஒதுக்கினது 40 கோடி. மழை வந்து தள்ளிப்போச்சு, விஷயம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, கடைசியில 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1ல நடந்தே முடிஞ்சது. மிக்ஜாமுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தாங்க. அந்தக் கணக்குல 40 கோடிங்கிறது 66,666 குடும்பத்துக்கான பணம்.

இதுக்குப் பதில் சொல்றவங்க வழக்கமாச் சொல்றது: "அது வேற தலைப்பு, இது வேற தலைப்பு. விளையாட்டுக் காசை எடுத்து வெள்ளத்துக்குக் கொடுக்க முடியாது." எங்க ஊராட்சியிலயும் இதேதான். தொகுதி மேம்பாட்டு நிதி வேற, நிதிக்குழு மானியம் வேற. அந்த மானியத்துலயும் அப்ப 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கு மட்டும்தான்னு இருந்துச்சு. சரி, ஜெனரேட்டர் ஓடப் போறதே குடிதண்ணி ஏத்தத்தானே, அந்த 60லேருந்து வாங்குங்கன்னேன். அதுக்கு வழி இல்லைன்னாங்க. மிச்சம் இருக்கிற 40 சதவீதத்துலேருந்து எடுங்கன்னேன். அதுல ஏற்கெனவே பேவர் பிளாக் போட்டாச்சுன்னாங்க. அந்தக் கல்லைப் போட்ட தெருவுல மழைத்தண்ணி வடிய வாய்க்கால் இல்லை, இப்ப வீட்டுக்குள்ள வருது.

தலைப்பு வேறதான், ஒத்துக்கிறேன். ஆனா தலைப்பைப் போட்டது மனுஷங்கதானே. 15வது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் நிதியில 20 சதவீதத்தை முன்கூட்டியே பாதிப்பைக் குறைக்கிற வேலைக்குன்னு தனியாப் பிரிச்சு வச்சிருக்கு. மழைக்கு முன்னாடியே செலவு பண்ணணும்ங்கிறது மேல இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருக்கு. அதே மாதிரி ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு தலைப்பு போட என்ன தடை?

இன்னொரு பதில்: "ரேஸ் நடந்தா உலகமே சென்னையைப் பாக்கும், தொழில் வரும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும்." இருக்கலாம். விழாவே வேணாம்னு நான் சொல்லலை. நாங்களும் திருவிழா கொண்டாடுறவங்கதான். இழவு விழுந்த வருஷம் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம், அவ்வளவுதான். வீட்டுல கூரை ஒழுகும்போது வாசலுக்கு வளைவு வைக்கிறவனை ஊர்ல என்ன சொல்லுவாங்க?

எனக்குப் புரிஞ்ச காரணம் ஒண்ணுதான். கல்வெட்டு பதிக்கத் தோதான வேலைக்குக் காசு வருது. நிழற்குடையில பேர் போடலாம், வளைவுல போடலாம், நினைவிடத்துல சிலையே வைக்கலாம். தூர் வாரின வாய்க்கால்ல எங்க போயி பேர் எழுதுறது? புயல் வராத வரைக்கும் மூலையில சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கிற ஜெனரேட்டரை யார் ரிப்பன் வெட்டித் திறப்பாங்க? அது வேலை செஞ்சா ஒண்ணுமே நடக்காது. தண்ணி வரும், அவ்வளவுதான். வழக்கம் போலத் தண்ணி வந்ததுக்கு யாரும் மாலை போட மாட்டாங்க.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. நிவாரணம்னா எங்க கிட்ட ஆயிரம் கேள்வி. 2023 பிப்ரவரி மழையில என் நெல்லு கால் பங்கு சாஞ்சு முளைச்சுப் போச்சு. நிவாரணம் ஹெக்டேருக்கு 20,000, ஏக்கருக்கு 8,000 சொச்சம். அதுக்கும் 33 சதவீதம் பாதிச்சிருக்கணும். அடங்கல், பாஸ் புக், ஆதார், வயல்ல நின்னு போட்டோ எல்லாம் கொடுத்தேன். 33 வரலைன்னு ஒரு பைசா கிடைக்கலை. விதி விதிதான், நான் சண்டை போடலை. அந்த நிழற்குடைக்கு எந்த அளவுகோல் வச்சாங்க? பழசு 33 சதவீதம் சேதம்னு யார் அளந்து பாத்தாங்க?

2025 ஜனவரியில எங்க ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிஞ்சது. தேர்தல் நேரத்துக்கு நடக்கலைன்னா மறுபடியும் தனி அலுவலர்தான். இன்னும் பத்து நாள்ல ஐப்பசி பிறக்குது. ஐப்பசி, கார்த்திகையில வங்காள விரிகுடா என்ன பண்ணும்னு எங்களுக்குத் தெரியும். அதனால நவம்பர் 1 கிராம சபையிலயும் எழுந்து நிப்பேன். இந்தத் தடவை வெறும் விலைச் சீட்டு மட்டும் இல்லை, தெருக்காரங்க கிட்ட கையெழுத்து வாங்கி, தீர்மானப் புத்தகத்துல எழுதாம வீட்டுக்குப் போறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன். குளத்துத் தண்ணி குடிச்ச அந்த அக்கா முதல் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. உங்க வார்டுல ஏரியா சபை கூடுதான்னு விசாரிங்க. கூடினா போங்க. பூங்காவுக்குப் பெயின்ட், தெருவுக்குப் பேர்ப் பலகைன்னு பட்டியல் வாசிக்கும்போது, கரண்ட் போனா எங்க தெருவுக்குத் தண்ணி எப்படி வரும்னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. பதிலை எழுதி வாங்குங்க. கூடலைன்னா ஏன் கூடலைன்னு கேளுங்க.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே தூறல் போடுது. முக்கத்துல நிழற்குடைக்குக் கீழ ரெண்டு ஆடு ஒதுங்கி நிக்குது. 9 லட்சம் வீண் போகலைன்னு வச்சுக்குவோம்.