வில்லையின் பெயரும் மனிதனின் பெயரும்

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் எடுக்கப்பட்ட புகைப்படங்கள் இன்று பலருடைய கைகளில் உலவுகின்றன. பள்ளிமுனையின் பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டையின் மதில், தலைமன்னாரின் பழைய இறங்குதுறை, வங்காலை நீர்ப்பரப்பில் நிற்கும் பூநாரைக் கூட்டம், கரைவலை இழுக்கும் கைகள் - இவையெல்லாம் படங்களாகிவிட்டன. அவற்றுள் ஒரு பகுதி 'ரேஞ்ச்ஃபைண்டர்' எனப்படும் தூரமானிக் கமெராவினால் எடுக்கப்பட்டது. அந்தக் கமெராவின்மீது தீராப் பற்றுக் கொண்ட ரசிகர்கள் தமக்குள் படங்களைப் பகிர்ந்து விவாதிக்கிறார்கள்.

விவாதம் எதைப் பற்றியது? வில்லை எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதன் துவாரம் எவ்வளவு திறந்திருந்தது, பின்னணி எவ்வளவு மென்மையாகக் கரைந்தது, மூலையிலும் கூர்மை குன்றாமல் இருக்கிறதா - இவை பற்றியது. படத்தின் நடுவில் நிற்கும் மனிதன் யார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. வில்லையின் பெயர் படத்தின் கீழே இருக்கிறது. வலையை இழுப்பவன் பெயர் இல்லை. இந்த ரசனையை நாம் கண்டிக்கிறோம்.

கருவியை நாம் வெறுக்கவில்லை. அதன் வரலாற்றை அறிந்த எவரும் வெறுக்க முடியாது. ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னாக் என்ற தொழில்நுட்பவியலாளர், சினிமாச் சுருளைப் பயன்படுத்தும் சிறு கமெரா ஒன்றின் முதல் மாதிரியை 1914 அளவில் செய்து முடித்தார். 1925இல் அது லைக்கா என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. 1932இல் தூரமானி வில்லையுடன் இணைக்கப்பட்டது. அதுவரை பாரமான பெட்டியின் முன்னே விறைத்து நின்ற மனிதன், அதன்பின் தன் வேலையையும் நடையையும் விடாமலே படத்துள் வந்தான். 1944 ஜூன் 6இல் நோர்மண்டிக் கரையில் ரொபேர்ட் காப்பா கையில் வைத்திருந்தது கொண்டாக்ஸ் என்னும் தூரமானிக் கமெரா. 1948 ஜனவரி 30இல், காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துத் திரும்பிய ஹென்றி கார்ட்டியே-பிரெஸோனின் கருவி லைக்கா. சோவியத் உக்ரேனின் கார்கிவ் நகரில், மக்கரென்கோவின் வழிகாட்டலில் வளர்ந்த தொழிற்கூட்டகத்தில், வீடற்றலைந்த பிள்ளைகள் 1934 முதல் 'ஃபெட்' என்ற கமெராவைச் செய்தார்கள். அது லைக்காவின் பிரதிதான். ஆனால் தெருவில் கிடந்த கைகள் நுண்கருவி செய்யும் கைகளாக மாறிய கதை அதில் இருக்கிறது.

மக்களை நெருங்குவதற்காகக் கையில் எடுக்கப்பட்ட இந்தக் கருவி இன்று எங்கே நிற்கிறது? 2022இல் வெளிவந்த லைக்கா எம்11 கமெராவின் உடலுக்கு மட்டும் அமெரிக்காவில் 8,995 டொலர் விலை வைக்கப்பட்டது. வில்லைக்கு விலை வேறு. மன்னார்க் கடற்றொழிலாளன் ஒருவன் படகும் வலையும் வாங்கப் பட்ட கடனை இந்தத் தொகையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை உயர்ந்த கருவியை வைத்திருப்பது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. கருவியின் விலையே ரசனையின் அளவுகோலாகிவிட்டபோது, படத்தில் உள்ள மனிதன் கருவியைச் சோதித்துப் பார்க்கும் பொருளாகிவிடுகிறான் என்பதே எமது குற்றச்சாட்டு.

தூரமானி எப்படி இயங்குகிறது? கமெராவின் முகப்பில் இரண்டு சாளரங்கள். இரண்டிலும் வரும் உருவங்கள் கண்முன் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. வில்லையைத் திருகத் திருக ஓர் உருவம் நகர்ந்து மற்றதோடு பொருந்துகிறது. பொருந்திய கணத்தில் தூரம் சரி. இன்னொரு சிறப்பும் உண்டு. 1954இல் வந்த லைக்கா எம்3 முதலான கமெராக்களின் பார்வைச் சாளரத்தில், படத்தின் எல்லை ஒளிக்கோடுகளாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே நடப்பதும் கண்ணுக்குத் தெரியும். எதை உள்ளே எடுப்பது, எதை வெளியே விடுவது என்று எடுப்பவர் இரண்டையும் கண்டே முடிவு செய்கிறார். ஆகவே, 'நான் காணவில்லை' என்று சொல்லும் உரிமை மற்றெவருக்கு இருந்தாலும் தூரமானிக் கமெராக்காரருக்கு இல்லை!

மன்னாரில் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பது என்ன?

தலைமன்னார் இறங்குதுறையின் துருப்பிடித்த இரும்பை எடுத்து 'தனிமை' என்று பெயரிடுகிறார்கள். அது யாருடைய தனிமை? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட தமிழகத்து ஏழைகள் இந்தக் கரையோரத்தில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர், அந்த ஒப்பந்தத்தின்படி நாடு கடத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் இதே துறையிலிருந்துதான் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறின. தாம் பிறந்த மண்ணைத் திரும்பிப் பார்த்து அவர்கள் அழுத இடத்தில் நமது ரசிகர் காண்பது துருவின் நிறம் மட்டுமே!

கூரையற்ற வீட்டுச் சுவரொன்றில் மாலை வெயில் சாய்கிறது, அழகான படம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவு முஸ்லிம்களும் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. போரின் குண்டுகள் தமிழர் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. இத்தகைய மண்ணில் இடிந்த சுவரைக் கண்டவர், அது யாருடைய வீடு, அவர்கள் ஏன் போனார்கள், திரும்பி வந்தார்களா என்று அயலாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

வலை இழுக்கும் படம் இன்னொன்று. தசைகளின் முறுக்கு அற்புதமாகப் பதிந்திருக்கிறது. அந்தத் தசைகள் இழுத்த வலையில் மீன் இருந்ததா? கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அதற்குப் பின்னரும் எதிர்க்கரை இழுவைப் படகுகள் இந்தக் கடலுக்கு வந்தன. இக்கரை ஏழையின் வலைகள் அறுந்தன. அந்தப் படகுகளில் கூலிக்கு வந்தவனும் ஏழைதான்; பிடிபட்டுச் சிறையிருப்பவனும் அவனே. இந்த முரண்பாட்டின் நடுவில் நிற்கும் மனிதனை முறுக்கேறிய தசையாக மட்டும் காண்பது அரைப்பார்வை.

இந்த நோய் புதியதன்று. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்தார். அவருடைய குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞரும் அறிஞரும் பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள். களுத்துறையில் அவர் எடுத்த ஏழைகளின் படமோ 'களுத்துறைக் குடியானவர்' என்ற தலைப்போடு நிற்கிறது. அன்று எஜமானியின் கமெரா செய்ததையே இன்று சுதந்திர நாட்டின் கமெராவும் செய்யலாமா?

'கலையை அதன் அழகுக்காகவே பார்க்க வேண்டும். அரசியலை ஏன் புகுத்துகிறீர்கள்?' என்று சிலர் கேட்பார்கள். மன்னாரின் மணலில் அரசியலை நாம் புகுத்தவில்லை. அது அங்கே ஏற்கனவே புதைந்து கிடக்கிறது. அழகை மறுக்கவும் இல்லை. கூர்மையற்ற படம் நல்ல நோக்கத்தினால் கூர்மை பெற்றுவிடாது. தொழிலறிவு வேண்டும். ஆனால் தொழிலறிவோடு பேச்சு நின்றுவிட்டால், அது தச்சனைப் பாராட்டாமல் உளியைப் பாராட்டுவதிலும் கேடானது.

மற்றொரு மறுப்புக்கு நியாயம் உண்டு. 'பெயரை வெளியிட்டால் அந்த மனிதருக்கே தீங்கு வரலாம். கண்காணிப்புக்குப் பழகிய மண் அல்லவா அது?' என்கிறார்கள். உண்மை. அதனாற்றான் கேளுங்கள் என்கிறோம். பெயர் வேண்டாமென்று அவர் சொன்னால் பெயரை விடுங்கள். படமே வேண்டாமென்றால் படத்தை விடுங்கள். முடிவு அவருடையது. கேளாமல் விடப்பட்ட பெயர் பாதுகாப்பு ஆகாது, அது அலட்சியம்.

புகைப்படத்தின் உண்மையான பெறுமதியை அறிய விரும்புவோர், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வடக்கின் வீதிகளில் ஆண்டுக்கணக்காய் நிற்கும் தாய்மாரைப் பார்க்கட்டும். மன்னாரிலும் அவர்கள் நின்றிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படம். பெரிதாக்கியதில் முகம் மங்கியிருக்கும். எந்த வில்லையால் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் படத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது; பெயரைச் சொல்லி அழைக்க ஒருத்தி இருக்கிறாள். உலகின் எந்த விலையுயர்ந்த கமெராவும் இதனினும் கனமான படத்தை எடுத்ததில்லை.

ஆகவே எமது கோரிக்கைகள் எளியவை. படம் எடுப்போர் முதலில் பேசட்டும், இசைவு கேட்கட்டும். எடுத்த படத்தின் பிரதியொன்றை அந்த மனிதரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். படத்தைப் பகிரும்போது இடத்தையும் ஆண்டையும் எழுதட்டும். இசைந்தவரின் பெயரையும் எழுதட்டும். விவாதம் மனிதனில் தொடங்கி, அதன்பின் வில்லைக்குச் செல்லட்டும். தம்மிடம் சும்மா கிடக்கும் பழைய கமெராக்களை மன்னார்க் கரையின் பள்ளிகளுக்கு வழங்கி, படம் எடுக்கும் கலையையும் கற்றுக் கொடுக்கட்டும். தம் தகப்பனின் வலையையும் தம் தாயின் கருவாட்டுப் பந்தலையும் அந்தப் பிள்ளைகளே எடுக்கட்டும். அப்போது அந்தப் படங்களில் யாரும் பெயரற்று நிற்கமாட்டார்கள்.

தூரத்தை அளக்கும் கருவி உங்கள் கையில் இருக்கிறது. மனிதனுக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால் போதாது. அதைக் கடந்து அவனிடம் செல்லுங்கள்.