அகாசாவுக்காக அழுதவர்கள்



சிம்மக்கல்லிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். பல வருடங்களாக நம் இதழை வாசிப்பவர். "பேரன் கூப்பிட்டானேன்னு ஜப்பான் கார்ட்டூன் படம் ஒண்ணுக்குப் போனேன். தமிழ்லதான் பேசுறாங்க. ஆனா யாரு எவருன்னு பிடிபடல. கடைசியில ஒரு அரக்கன் சாகுறான். தியேட்டர்ல பாதிப் பிள்ளைக அழுகுதுக, என் பேரனும் அழுகுறான். அரக்கன் செத்தா சந்தோசந்தானே படணும்? இதைப் பத்திக் கொஞ்சம் எழுதுங்களேன்."

அம்மா, நீங்கள் பார்த்தது 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்'. இந்தியாவில் 2025 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் தெலுங்கிலும் திரைக்கு வந்தது. உங்களுக்கு ஒன்றும் பிடிபடாததில் ஆச்சரியமே இல்லை. ஒரு நெடுங்கதையின் கடைசிக் கட்டத்தில், அதுவும் நட்டநடுப் போரில், உங்களைக் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறான் பேரன். இதைவிடக் கஷ்டமான இடத்தில் ஒருவரை ஒரு கதைக்குள் இறக்கிவிட முடியாது!

முன்கதை இதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஜப்பான். கரி விற்று வீட்டைக் காப்பாற்றும் பையன் தஞ்சிரோ. ஒருநாள் வீடு திரும்பும்போது குடும்பத்தையே அரக்கன் கொன்று போட்டிருக்கிறான். மிஞ்சியவள் தங்கை நெசுகோ மட்டும். அவளும் அரக்கியாக மாறிவிட்டாள். தங்கையை மீட்கவும், அத்தனை அரக்கர்களுக்கும் மூலவனான முசானை ஒழிக்கவும் பையன் வாள் பழகுகிறான். கொயோஹாரு கோடோகே என்ற புனைபெயரில், முகம் காட்டாத ஒருவர் எழுதி வரைந்த சித்திரக்கதை இது. ஜப்பானின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 2016 பிப்ரவரியில் தொடங்கி, 2020 மே மாதம் 205ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. விற்பனை உச்சத்தில் இருக்கும்போதே 'முற்றும்' போட்டுவிட்டார். ஒரு பத்திரிகைக்காரனாகச் சொல்கிறேன், அப்படி ஒரு தொடரை முடிக்க விடுவதற்கு அந்த ஆசிரியர் குழுவுக்கும் நெஞ்சுரம் வேண்டும்.

யுஃபோடேபிள் நிறுவனம் இதை 2019இல் அனிமே தொடராக்கியது. இறுதிப் போரை மட்டும் தொலைக்காட்சிக்குக் கொடுக்காமல் மூன்று திரைப்படங்களாக எடுக்க முடிவு செய்தார்கள். பேரன் காட்டியது அதில் முதலாவது, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. பிவா என்ற நரம்புக்கருவியை ஓர் அரக்கி மீட்ட மீட்ட, அறைகளும் படிக்கட்டுகளும் தலைகீழாகப் புரளுகிற ஒரு மாயக்கோட்டை. அதற்குள் வீரர்கள் ஆளுக்கொரு மூலையில் விழுந்து, அவரவர் பகையைச் சந்திக்கிறார்கள். தஞ்சிரோவுக்கு வாய்த்த பகை அகாசா.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அகாசா பிள்ளைகளுக்குப் புதியவன் அல்ல. இதே கதையில் 2020இல் வந்த 'முகென் ட்ரெயின்' படத்தில், அவர்கள் நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய வீரன் ரெங்கோகுவைக் கொன்றவன் அவன்தான். ஐந்து வருடமாக அவன் சாவை எதிர்பார்த்துக் காத்திருந்த கூட்டம் அது. அந்த நேரம் வந்ததும், கோடோகே கதையை நிறுத்திவிட்டு அகாசா மனிதனாக இருந்த காலத்துக்குப் போகிறார்.

அப்போது அவன் பெயர் ஹகுஜி. நோயாளித் தகப்பனுக்கு மருந்து வாங்கப் பிக்பாக்கெட் அடிக்கிற சிறுவன். பிடிபடும்போதெல்லாம் சவுக்கடி, கையில் திருடன் என்று பச்சைக்கோடு. தன்னால்தான் மகன் கெட்டுப்போகிறான் என்று தகப்பன் தூக்கில் தொங்கிவிடுகிறார். ஊரோடு மல்லுக்கு நிற்கும் பையனை கெய்சோ என்ற குஸ்தி வாத்தியார் அடித்து வீழ்த்தி, வீட்டுக்கு அழைத்துப்போய், நோயாளி மகள் கொயுகிக்குத் துணை வைக்கிறார். தகப்பனைப் பார்த்துக்கொண்ட கை அந்தப் பெண்ணையும் பார்த்துக்கொள்கிறது. அவள் தேறுகிறாள். கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். சேதி சொல்ல ஹகுஜி தகப்பன் சமாதிக்குப் போன நேரத்தில், பக்கத்து வாள்பயிற்சிக் கூடத்தார் கிணற்றில் விஷம் கலந்துவிடுகிறார்கள். வாத்தியாரும் மகளும் போய்விட, ஹகுஜி வெறுங்கையாலேயே 67 பேரை அடித்துக் கொல்கிறான். இரத்தம் சொட்ட நிற்கும் அந்த இரவில்தான் முசான் எதிரே வந்து அவனை அரக்கனாக்குகிறான்.

அரக்கனானதும் பழையதெல்லாம் மறந்துபோகிறது. உடம்புதான் மறக்கவில்லை. திருடனுக்குக் குத்திய பச்சைக்கோடுகள் மேனியெங்கும் படர்ந்திருக்கின்றன. கொயுகியோடு பார்ப்பதாக இருந்த வாணவேடிக்கையின் பெயர்களைத்தான் தன் அடிமுறைகளுக்கு வைத்திருக்கிறான். அவன் காலடியில் விரியும் பனிச்செதில் கோலம் அவள் கொண்டை ஊசியின் வடிவம். எந்தப் பெண்ணையும் அவன் கொன்றதில்லை. இதெல்லாம் படம் முழுக்க நம் கண்முன்னேதான் இருந்தது, காரணம்தான் கடைசியில் தெரிகிறது. தலை துண்டான பிறகும் மறுபடி முளைத்து எழக்கூடியவன், நினைவு திரும்பியதும் தன் அடியைத் தன் மேலேயே இறக்கிச் சாகிறான். பேரன் அழுதது இந்த இடத்துக்கு.

இதற்காக ஜப்பானைப் பெரிதாக மெச்ச எனக்குத் தோன்றவில்லை. நமக்கு இது பழகிய பாதை. கம்பனின் ஆறு காண்டங்களில் மிகப் பெரியது யுத்த காண்டம். அதில் கும்பகர்ணன் சாவைப் படித்துக் கலங்காதவர் யார்? கைகால் இழந்து கிடக்கிறான். எதிரே நிற்பவனிடமே தம்பி வீடணனை அடைக்கலமாக ஒப்படைக்கிறான். மூக்கறுந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, தலையைக் கடலுக்குள் அமிழ்த்திவிடு என்று கேட்கிறான். திருப்பரங்குன்றத்தில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வரும் எவரும் சூரன் ஒழிந்தான் என்பதோடு நிறுத்துவதில்லை. அவன்தானே மயிலும் சேவலுமாகி முருகனோடு இருக்கிறான்?

உங்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார், அம்மா. சிம்மக்கல்லிலிருந்து வடக்கு மாசி வீதி, வடக்கு ஆவணி மூல வீதி தாண்டி, மீனாட்சியம்மன் கோயில் கீழக்கோபுரத்துக்கு வந்தால் மதுரை வீரன் நிற்கிறார். கள்ளரை அடக்க வந்தவன், கள்ளன் என்றே பழிசுமந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தான் என்பது கதை. தண்டித்த ஊரே அவனுக்குச் சன்னதி வைத்துப் படையல் போடுகிறது. 1956இல் எம்.ஜி.ஆர். அந்த வேடம் கட்டியபோது, நாயகன் சாகிற படமாயிற்றே என்று யாரும் ஒதுக்கவில்லை. வெள்ளிவிழாக் கொண்டாடினார்கள்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். நம் கதைகளில் செத்தவன் சாமியாகிறான். அகாசாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கொயுகியின் கையைப் பிடித்துக்கொண்டு நரகத்துக்குத்தான் போகிறான். கொன்ற கணக்கு கொன்ற கணக்காகவே இருக்கிறது. அதே படத்தில் கைகாகு என்றொருவன் வருகிறான். உயிர்ப்பயத்தில் தானே அரக்கர் பக்கம் சாய்ந்தவன். அவனுக்காகக் கண்ணீர் விடச் சொல்லிக் கதை கேட்கவில்லை. டோமா என்பவனோ சிரித்துக்கொண்டே உயிர் குடிப்பவன். அவனுக்கும் முன்கதை உண்டு, கேட்டால் இரக்கம் வராது, குமட்டல்தான் வருகிறது. எல்லாக் கெட்டவனும் உள்ளூர நல்லவன்தான் என்று இந்தக் கதை சொல்வதாக நினைத்துவிட வேண்டாம்.

குறையும் உண்டு. சண்டை சூடுபிடிக்கும்போதெல்லாம் பழங்கதைக்குப் போவதால் படம் இழுக்கிறது. வார இதழில் பக்கம் பக்கமாக வாசிக்கும்போது உறுத்தாதது, ஒரே மூச்சில் திரையில் பார்க்கையில் உறுத்துகிறது. கண்ணால் தெரிவதையே வசனமாகவும் சொல்லும் பழக்கம் வேறு. நம் அலுவலக இளைஞர்களிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்! ஆனால் அகாசாவின் பழங்கதையில் ஒரு நிமிடத்தைக்கூட வெட்ட எனக்கு மனம் வராது.

இன்னும் இரண்டு படங்கள் பாக்கி. டோமா கணக்கு தீரவில்லை, முசான் தோற்கவில்லை, விடியல் வரவில்லை. அடுத்த படத்துக்குப் பேரன் கூப்பிட்டால் மறுக்காமல் போய் வாருங்கள் அம்மா. போவதற்கு முன் அவனை உட்காரவைத்துக் கும்பகர்ணன் கதையைச் சொல்லுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

மற்ற வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெட்டுப்பட்டும் கொலையுண்டும் செத்தவர்கள் சாமியான கதை, மதுரையைச் சுற்றி அனேகமாக ஊருக்கு ஒன்று இருக்கும். உங்கள் ஊர்க் கதையை, வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருந்தால் நல்லது. தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்